தொப்பையைக் குளிர வைத்தால் கரையுமா?

மார்கழி மாதத்தில் மதகடிப்பட்டுப் பக்கத்து வீடுகளில் ஒரு சிறு விந்தையைக் காணலாம். தலைக்குத் தடவும் தேங்காயெண்ணெய் சீசாவுக்குள் வெள்ளை வெளேரென்று உறைந்து கிடக்கும். பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் சீசாவை வெயிலில் வைப்பார்கள். இல்லையேல் வெந்நீர்ச் சொம்புக்குள் நிறுத்துவார்கள். அதே வீட்டுச் சமையலறையில் இருக்கும் கடலை எண்ணெய் வழக்கம்போல் ஓடிக்கொண்டுதான் இருக்கும். குடத்துத் தண்ணீரோ உறைவதைப் பற்றி நினைப்பதே இல்லை. குளிர் ஒன்றுதான். ஒன்று உறைகிறது, மற்றவை உறைவதில்லை.

இந்தச் சிறு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு, கத்தியின்றி, இரத்தமின்றி, மயக்க மருந்தின்றி உடம்பின் ஓரிடத்துக் கொழுப்பைக் குறைக்கும் ஒரு சிகிச்சை உலகெங்கும் பரவியிருக்கிறது. சென்னையிலும் புதுச்சேரியிலும் அழகு சிகிச்சை நிலையங்களின் விளம்பரங்களில் இதைப் பார்த்திருப்பீர்கள். 'கொழுப்பை உறைய வைத்தல்' என்பார்கள். கண்ணாடி முன் நின்று வயிற்றைக் கிள்ளிப் பார்த்துக் கவலைப்படுகிற எவருக்கும் அந்த விளம்பரம் இனிப்பாகத்தான் இருக்கும். அது மெய்யா, புரட்டா?

மெய்தான். ஆனால் எந்த அளவுக்கு மெய் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கழிக்கட்டும் கோணல் கிளையும்

எண்ணெயும் கொழுப்பும் ஒரே குடும்பம். இரண்டும் பெரும்பாலும் ட்ரைகிளிசரைடு என்னும் மூலக்கூறுகளால் ஆனவை. ஒரு கிளிசரால் முதுகெலும்பு. அதில் தொங்கும் மூன்று நீண்ட கொழுப்பமிலச் சங்கிலிகள். நிறைவுற்ற கொழுப்பமிலமாக இருந்தால் சங்கிலி நேராக இருக்கும். நிறைவுறாததாக இருந்தால் இரட்டைப் பிணைப்பு உள்ள இடத்தில் வளைந்திருக்கும். சவுக்குக் கழிகளை அடுக்கினால் நெருக்கமாகக் கட்டு கட்டிவிடலாம். கோணல்மாணலான முருங்கைக் கிளைகளை அப்படிக் கட்ட முடியுமா? தேங்காயெண்ணெயில் நேர்ச்சங்கிலிகள் அதிகம். ஆகையால் ஏறக்குறைய 24 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே வந்ததுமே மூலக்கூறுகள் அணிவகுத்து நின்று படிகமாகிவிடுகின்றன. கடலை எண்ணெயில் கோணல் சங்கிலிகள் மிகுதி. அதை உறைய வைக்க இன்னும் அதிகக் குளிர் வேண்டும். தண்ணீருக்கோ பூச்சியம் டிகிரி வேண்டும்.

செவ்வாய்க்கிழமைதோறும் மாட்டுச் சந்தை கூடுகிற ஊர் மதகடிப்பட்டு. எனவே மாட்டை வைத்தே இன்னொன்றையும் சொல்லிவிடலாம். மாட்டின் குண்டிக்காயைச் சுற்றியுள்ள கொழுப்பு வெளியே எடுத்து ஆறவிட்டால் மெழுகு மாதிரி கட்டியாகிவிடும். அதே மாட்டின் கணுக்கால், குளம்புப் பகுதி எலும்புகளைக் கொதிக்க வைத்து எடுக்கும் கொழுப்போ குளிரிலும் எண்ணெயாகவே இருக்கும். தோலைப் பதமாக வைத்திருக்க அதைப் பூசுவது பல நாடுகளில் பழைய வழக்கம். ஏன் இந்த வேறுபாடு? உடம்பின் நடுப்பகுதி எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கிறது. கால் முனைகளில் குளிர் தாக்குகிறது. அங்கே கொழுப்பு கட்டியாகிவிட்டால் மாடு நடப்பது எப்படி? ஆகவே முனைகளில் கோணல் சங்கிலிகளை அதிகமாக வைத்துக் கட்டியிருக்கிறது இயற்கை.

மனிதக் கொழுப்பு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. நம் உடல் வெப்பநிலையில் அது செல்லுக்குள் எண்ணெய்த் துளியாக இருக்கிறது. வெப்பம் வெகுவாகக் குறைந்தால் படிகமாகிறது. ஆனால் அப்போதும் தோல், தசை, நரம்புச் செல்களில் உள்ள தண்ணீர் உறைவதில்லை. தேங்காயெண்ணெய் சீசாவும் தண்ணீர்க் குடமும் அருகருகே இருப்பது போலத்தான்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு சோதனைக் குழாயில் தேங்காயெண்ணெய், மற்றொன்றில் தண்ணீர் எடுத்து, இரண்டையும் ஐஸ் கட்டி கலந்த நீரில் நிறுத்துங்கள். சில நிமிடங்களில் முதல் குழாயைக் கவிழ்த்தாலும் எண்ணெய் விழாது. இரண்டாவது குழாயில் தண்ணீர் ஆடிக்கொண்டிருக்கும்.

குச்சி ஐஸ் காட்டிய வழி

1970-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வேடிக்கையான குறிப்பு ஒன்று வெளிவந்தது. குச்சி ஐஸைச் சப்பிக்கொண்டிருந்த கைக்குழந்தை ஒன்றின் கன்னத்தில், தோலுக்கு அடியில், சிவந்து கெட்டியான வீக்கம் தோன்றியிருந்தது. ஆராய்ந்தபோது, கன்னத்துக் கொழுப்பு மட்டும் குளிரால் அழற்சியுற்றிருப்பது தெரிந்தது. மேலே இருந்த தோலுக்கு நிலையான கேடு எதுவுமில்லை. பச்சைக் குழந்தைகளின் கொழுப்பில் நேர்ச்சங்கிலிகள் அதிகம்; ஆகவே பெரியவர்களுடையதைவிட அது எளிதில் உறைகிறது. குளிர்காலத்தில் இறுக்கமான கால்சட்டை அணிந்து நெடுநேரம் குதிரைச் சவாரி செய்த பெண்களின் தொடைகளிலும் இத்தகைய அழற்சியை மருத்துவர்கள் பின்னர் கண்டனர்.

பலரும் படித்துவிட்டு மறந்துபோகிற செய்தி இது. ஆனால் பாஸ்டன் நகரில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த டீட்டர் மான்ஸ்டைன், ராக்ஸ் ஆண்டர்சன் ஆகிய இரு தோல் ஆராய்ச்சியாளர்கள், குளிர் கொழுப்பை மட்டும் தேடிப் பிடித்துத் தாக்குமானால் அதையே கருவியாக்கினால் என்ன என்று கேட்டார்கள். பன்றிகளின் தோல்மேல் குளிர்ந்த உலோகத் தகட்டை வைத்துச் சோதித்தார்கள். வாரங்கள் செல்லச் செல்ல, தகடு பட்ட இடத்தில் கொழுப்பு அடுக்கு மெலிந்தது; தோல் அப்படியே இருந்தது. 2008-இல் இந்த ஆய்வு வெளியாயிற்று. 2010-இல் இடுப்பின் பக்கவாட்டுக் கொழுப்புக்கும், 2012-இல் வயிற்றுக்கும் இந்தச் சிகிச்சையைச் செய்ய அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகம் இசைவு தந்தது.

இயந்திரம் செய்வது இதுதான். ஒரு கிண்ணம் வயிற்று மடிப்பை உறிஞ்சி, இரு குளிர்த் தகடுகளுக்கு நடுவே பிடித்துக்கொள்கிறது. உறிஞ்சுவது மடிப்பைப் பிடிப்பதற்காக மட்டுமன்று. வெதுவெதுப்பான இரத்தம் அவ்விடத்துக்கு ஓடிவந்து சூடேற்றிவிடாமல் தடுப்பதற்காகவும்தான். தோல் வெந்துபோகாமல் இருக்க நடுவில் பசைத்துணி ஒன்றைப் போடுவார்கள். (குளிரில் வேகுமா என்று கேட்காதீர்கள், பனிக்கட்டியை வெறும் தோலில் நெடுநேரம் அழுத்தி வைத்தால் தீப்புண் போலவே ஆகிவிடும். ஆகவே இதை வீட்டில் செய்து பார்க்க எண்ணவே வேண்டாம்.) முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் இப்படிப் பிடித்து வைக்கிறார்கள். தகட்டின் வெப்பநிலை பூச்சியத்துக்கும் கீழே போவதுண்டு.

எழுந்து நின்றால் வயிறு முன்பு இருந்ததுபோலவே இருக்கும். குளிரால் அடிபட்ட கொழுப்புச் செல்கள் உடனே வெடித்துவிடுவதில்லை. உடலில் முதுமையடைந்த செல்கள் தம்மைத் தாமே முடித்துக்கொள்ளும் முறை ஒன்று உண்டு. அந்த முறையில் இவையும் சில நாட்களில் மடியத் தொடங்குகின்றன. பிறகு பெருவிழுங்கிகள் என்னும் வெள்ளணுக்கள் வந்து மடிந்தவற்றைச் சிறிது சிறிதாக விழுங்குகின்றன. இந்தத் துப்புரவுப் பணிக்கு இரண்டு மூன்று மாதம் ஆகிறது. முடிவில் கொழுப்பு அடுக்கின் தடிப்பு ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை குறைகிறது.

நான்கில் ஒரு பங்கு என்றால் பெரிதாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 சென்டிமீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் அகலமுள்ள இடம். அங்கே கொழுப்பின் தடிப்பு 2 சென்டிமீட்டர். கன அளவு 400 கன சென்டிமீட்டர். கொழுப்பின் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு, சுமார் 0.9. எடை 360 கிராம். அதில் கால் பங்கு 90 கிராம். ஒரு கோழி முட்டையும் இன்னொரு அரை முட்டையும் சேர்ந்த எடை! சட்டை சற்றுத் தளர்வாக நிற்கலாம். எடை பார்க்கும் இயந்திரத்துக்கு எதுவும் தெரியாது.

அணுகுண்டு சொன்ன சாட்சி

இந்தச் சிகிச்சையின் பக்கம் நின்று ஒரு வாதம் சொல்வார்கள். பட்டினி கிடந்தாலும் ஓடினாலும் கொழுப்புச் செல்கள் சுருங்குமே தவிர எண்ணிக்கையில் குறையாது; குளிரோ செல்லையே ஒழித்துவிடுகிறது என்பார்கள். இது உண்மை. இதைக் கண்டுபிடித்த விதம் அருமையானது.

1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்த வெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தன. அதனால் காற்றில் கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கார்பன் கிட்டத்தட்ட இரு மடங்காகியது. 1963-இல் உடன்படிக்கை ஏற்பட்டபின் அது ஆண்டுதோறும் இறங்கிவந்தது. பயிர்கள் காற்றிலிருந்து கார்பனை எடுக்கின்றன. நாம் பயிரை உண்கிறோம். ஆகவே ஒரு செல் பிறந்த ஆண்டின் முத்திரை அதன் டி.என்.ஏ.வில் பதிந்துவிடுகிறது. ஸ்வீடனில் கரோலின்ஸ்கா ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த கிர்ஸ்டி ஸ்பால்டிங்கும் அவருடைய குழுவினரும் இந்த முத்திரையைப் படித்து 2008-இல் ஒரு முடிவை வெளியிட்டனர். கொழுப்புச் செல்களின் எண்ணிக்கை சிறு பருவத்திலும் வாலிபப் பருவத்திலும் உயர்ந்து, பிறகு நிலைத்துவிடுகிறது. பெரியவர்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 10 விழுக்காடு செல்கள் மடிகின்றன. அதே அளவு புதிதாகப் பிறக்கின்றன. எடை வெகுவாகக் குறைந்தவர்களிடமும் எண்ணிக்கை மாறவில்லை, செல்கள்தான் சிறுத்திருந்தன.

ஆனால் இந்தச் செய்தி இரு பக்கமும் வெட்டும். செல்லை ஒழித்தாலும், உண்பது செலவழிப்பதைவிட மிஞ்சினால் மிச்சம் எங்கேயாவது தங்கத்தானே வேண்டும்? 2011-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது குளிர் சிகிச்சையை அன்று. குழாய் விட்டுக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அறுவையை. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது உடம்பின் மொத்தக் கொழுப்பு பழையபடி திரும்பியிருந்தது. தொடையில் எடுத்த கொழுப்பு தொடைக்குத் திரும்பவில்லை. வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்குள் ஓர் அறையைப் பூட்டினால் சாமான்கள் பக்கத்து அறையில் குவிவது போல.

கிள்ளினால் வருவதும் வராததும்

பக்கத்து அறை என்றேன். உடம்பில் அது எது என்பதுதான் புதுச்சேரிக்காரர்களாகிய நமக்கு மிக வேண்டிய செய்தி.

வயிற்றில் கொழுப்பு இரண்டு இடங்களில் இருக்கிறது. தோலுக்கு அடியில், தசைச் சுவருக்கு வெளியே இருப்பது ஒன்று. விரலால் கிள்ளினால் கையில் வருவது இதுதான். தசைச் சுவருக்கு உள்ளே, குடலையும் கல்லீரலையும் கணையத்தையும் சூழ்ந்து கிடப்பது மற்றொன்று. அதைக் கிள்ள முடியாது. கண்ணாடியில் அது தனியாகத் தெரியாது. இயந்திரக் கிண்ணத்தாலும் உறிஞ்ச முடியாது. கல்லீரலின் வேலையைக் குலைப்பதும், இன்சுலின் சொல்வதைச் செல்கள் கேட்காமல் செய்வதும், சர்க்கரை நோய்க்கும் மாரடைப்புக்கும் வழி வெட்டுவதும் பெரிதும் உள்ளே இருக்கும் இந்தக் கொழுப்பே.

2004-இல் புகழ்பெற்ற மருத்துவ இதழான லான்செட்டில் இரண்டு மருத்துவர்கள் அருகருகே நிற்கும் படம் ஒன்று வெளிவந்தது. ஒருவர் புனே கே.ஈ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாஜ்னிக். மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யட்கின். உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் உடல் நிறைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே: 22.3. பார்வைக்கும் இருவரும் ஒல்லி. ஆனால் கருவியால் அளந்தபோது யட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடு! ஒல்லியாகத் தெரியும் இந்திய உடம்புக்குள் கொழுப்பு ஒளிந்திருக்கலாம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. படத்தில் இருப்பவர்களே ஆய்வையும் எழுதினார்கள் என்பது கூடுதல் சுவை.

நம் பகுதியின் நிலை என்ன? சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நாடு முழுவதும் 20 வயதுக்கு மேற்பட்ட 1,13,043 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தது. நாட்டின் சராசரி நீரிழிவு 11.4 விழுக்காடு. புதுச்சேரியிலோ 26.3 விழுக்காடு, கோவாவுக்கு அடுத்த இடம். வயிற்றுப் பருமன் நாட்டுச் சராசரி 39.5, புதுச்சேரியில் 61.2. இதில் முதலிடம் நமக்கே. பெருமைப்படத்தக்க முதலிடமன்று.

அப்படியானால் வெளிக்கொழுப்பைக் குறைத்தால் நோய் குறையுமா? அமெரிக்காவில் செயின்ட் லூயி நகரில் சாமுவேல் கிளைன் என்ற மருத்துவர் இதைச் சோதித்து 2004-இல் எழுதினார். பருமனான 15 பெண்களுக்கு வயிற்றின் தோலடிக் கொழுப்பைப் பெருமளவில் உறிஞ்சி எடுத்தார்கள். சராசரியாக ஏறக்குறையப் பத்துக் கிலோ. நம் கணக்கில் வந்த 90 கிராமோடு ஒப்பிட்டுப் பாருங்கள்! மூன்று மாதம் ஆனபின் இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை, கொழுப்பு அளவுகள், இன்சுலினுக்குச் செல்கள் செவிசாய்க்கும் தன்மை எல்லாவற்றையும் அளந்தார்கள். ஒன்றிலும் முன்னேற்றம் இல்லை. உணவாலும் உழைப்பாலும் இதைவிடக் குறைவாகக் கொழுப்பு குறைந்தாலே இந்த அளவுகள் சீரடைவது நாம் அறிந்ததே. அப்போது செல்கள் சுருங்குகின்றன. உள்ளே ஒளிந்திருப்பதும் சேர்ந்து குறைகிறது.

அந்தக் கொழுப்பு எங்கே போகிறது என்று கேட்டால் வியர்வையில் என்பார் சிலர். வெப்பமாக என்பார் சிலர். 2014-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் இருவர் அணுக்களை எண்ணிக் கணக்குப் போட்டார்கள். 10 கிலோ கொழுப்பு முழுதும் எரிந்தால் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக மூச்சில் வெளியேறுகிறது; 1.6 கிலோ தண்ணீராகிறது. கொழுப்பு வெளியேறும் பெருவாசல் மூக்குதான்.

கத்தி இல்லை என்பதால் ஆபத்தும் இல்லையா?

2022 மே மாதம் பெங்களூரில் கொழுப்பு நீக்கும் அறுவை செய்துகொண்ட கன்னடத் தொலைக்காட்சி நடிகை ஒருவர் உயிரிழந்தார். 2024 ஏப்ரலில் எடைக் குறைப்பு அறுவைக்காகச் சென்னைக்குச் சென்ற புதுச்சேரி இளைஞர் ஒருவரும் உயிரிழந்தார். இத்தகைய செய்திகளைப் படிக்கும்போது கத்தியில்லாத முறை மேல் என்று தோன்றுவது இயல்பு. உயிருக்கு ஆபத்து என்ற அளவில் அது மேல்தான். ஆயினும் வலி, கன்றிப்போதல், வாரக்கணக்கில் மரத்துப்போதல் ஆகியவை உண்டு. குளிர்காற்றுப் பட்டாலே தோல் தடித்துப்போகும் ஒவ்வாமை உடையவர்களுக்கு இது ஆகவே ஆகாது.

இன்னொரு விபரீதம் 2014-இல் தெரியவந்தது. சிலருக்குக் குளிர வைத்த இடத்தில் கொழுப்பு குறைவதற்குப் பதிலாகச் சில மாதங்களில் கெட்டியாகித் தடித்து வளர்ந்தது. கிண்ணத்தின் வடிவிலேயே புடைத்து நின்றது! தானாக அது வற்றுவதில்லை. வேண்டாம் என்று ஒதுக்கிய அறுவையைத்தான் கடைசியில் நாட வேண்டியதாகிறது. 20,000 சிகிச்சைகளில் ஒன்றில் இப்படி ஆகிறது என்று முதலில் மதிப்பிட்டார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் அதைவிட அதிகம் என்று காட்டின. ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு உறுதியான விடை கிடைக்கவில்லை. கனடா நாட்டைச் சேர்ந்த புகழ்பெற்ற மாடல் லிண்டா எவாஞ்செலிஸ்டா தமக்கு இவ்வாறு நேர்ந்ததை 2021-இல் உலகறியச் சொன்னார். சில ஆண்டுகள் வெளியே தலைகாட்டாமல் ஒடுங்கியிருந்ததாகவும் கூறினார். அவர் தொடுத்த வழக்கு 2022-இல் சமரசத்தில் முடிந்தது.

கொழுப்பைக் கரைக்கும் ஊசி ஒன்றும் உண்டு. நம் பித்தநீரில் இருக்கும் டீஆக்ஸிகோலிக் அமிலமே அதன் மருந்து. எண்ணெய்ப் பாத்திரத்தில் சோப்பு செய்யும் வேலையை அது செல்லின் உறையில் செய்கிறது. குளிரைப் போல் ஆளறிந்து அடிப்பதன்று அது. எதிர்ப்படும் செல்லையெல்லாம் உடைக்கும். ஆகவே அமெரிக்காவில் 2015-இல் தாடைக்குக் கீழுள்ள சதைக்கு மட்டுமே அனுமதி தந்தார்கள். அங்கும் நரம்பில் பட்டால் சில வாரங்கள் சிரிப்பு கோணிக்கொள்ளும். சூடேற்றியும் மீயொலியாலும் கொழுப்பை அழிக்கும் கருவிகளும் இருக்கின்றன. பயன் ஏறக்குறைய இதே அளவுதான்.

இவையெல்லாம் வளர்ந்து முடிந்தவர்களிடம் சோதிக்கப்பட்டவை. உங்கள் வயதில் உயரம் கூடும். இடுப்பும் தோளும் அகலும். பதின்மூன்றில் இருக்கும் பூசின உடம்பு பதினேழில் தானே வேறு உருவம் எடுப்பது உண்டு. வகுப்பில் எவரையேனும் 'குண்டு' என்று கேலி செய்து, அந்தப் பிள்ளை கண்ணாடி முன் கிள்ளிப் பார்த்துக்கொண்டு நிற்கும்படி செய்வது, என் கருத்தில், எந்த இயந்திரத்தையும்விடக் கெடுதலானது.

கிள்ளுவதற்குப் பதிலாக அளக்கலாம். ஒரு நூல் கயிற்றை உங்கள் உயரத்துக்குச் சரியாக வெட்டிக்கொள்ளுங்கள். அதை இரண்டாக மடியுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், மடித்த கயிற்றை வயிற்றைச் சுற்றிப் பிடியுங்கள். முனைகள் சேர்ந்தால் இடுப்பளவு உயரத்தில் பாதிக்குள் இருக்கிறது என்று பொருள். வீட்டில் அப்பா அம்மாவுக்கும் தாத்தா பாட்டிக்கும் அவரவர் உயரத்துக்குத் தனித்தனிக் கயிறு வெட்டிச் சுற்றிப் பாருங்கள். தையல் நாடா இருந்தால் இன்னும் நல்லது: இந்தியர்களுக்கு ஆண்களில் 90, பெண்களில் 80 சென்டிமீட்டர் என்பது எல்லை. ஒல்லியாகத் தெரிகிற பெரியவரிடமும் கயிற்றின் முனைகள் எட்டாமல் நிற்கக்கூடும். அப்படி நின்றால், காலையில் வெறும் வயிற்றோடு அவரை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய் இரத்தச் சர்க்கரை பார்த்துவரச் சொல்லுங்கள்.